தாய்ப்பலகை நிலைபொருள் மீட்பு

தாய்ப்பலகை நிலைபொருள் மீட்பு என்பது, நிலைபொருளை இற்றைப்படுத்திய பின்னர் தொடங்க மறுக்கும் கணினித் தாய்ப்பலகையின் பழுதைக் கண்டறிந்து, அதனை மீண்டும் இயங்கச் செய்யும் வழிமுறைகளைக் குறிக்கும். தாய்ப்பலகையின் நிலைபொருள் பொதுவழக்கில் பயோஸ் எனப்படுகிறது. மின்விசிறிகள் சுழன்றும் திரையில் எதுவும் தோன்றாத நிலையே இப்பழுதின் பொதுவான அடையாளம் ஆகும். இந்நிலையை அடைந்த பலகையை, செங்கல் எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லைக் கொண்டு, 'பிரிக்' ஆகிவிட்டதாகக் கணினிப் பயனர்கள் கூறுவர்.

திரை இருண்டிருப்பது மட்டுமே நிலைபொருள் அழிந்துவிட்டதற்குச் சான்று ஆகாது. பலகை இன்னும் தன் பணியைச் செய்துகொண்டிருக்கலாம். அமைப்புகள் பொருந்தாமல் நின்றிருக்கலாம். செருகப்பட்டுள்ள செயலகத்தைப் புதிய நிலைபொருள் அறியாதிருக்கலாம். அல்லது நிலைபொருள் உண்மையாகவே சிதைந்திருக்கலாம். இந்நான்கிற்கும் தீர்வுகள் வேறுவேறானவை. ஒன்றுக்குரிய தீர்வு மற்றொன்றுக்குக் கேடாக முடிவதும் உண்டு. ஆகவே, பலகை எந்தக் கட்டத்தில் நின்றது என்பதை அறிவதே மீட்பின் முதற்படியாகும்.

நிலைபொருளின் பணி

மின்சாரம் கிடைத்தவுடன் மையச் செயலகத்திற்கு நினைவகம், வட்டு, திரை ஆகிய எவையும் பயன்படும் நிலையில் இருப்பதில்லை. ஒரு குறிப்பிட்ட முகவரியிலிருந்து முதற் கட்டளையை எடுக்குமாறு மட்டுமே அது வடிவமைக்கப்பட்டுள்ளது. எக்ஸ்86 வகைச் செயலகங்களில் இம்முகவரி மரபாக 4 கிகாபைட் எல்லைக்கு 16 பைட்டுகள் கீழே அமைந்துள்ளது. அண்மைக்காலச் செயலகங்கள் சிலவற்றில், இதற்கும் முன்னரே ஒரு சிறிய பாதுகாப்புச் செயலி இயங்கத் தொடங்குகிறது. இவை அனைத்திற்கும் உரிய நிரல்கள் தாய்ப்பலகையில் உள்ள ஒரு சிறிய பிளாஷ் நினைவகச் சில்லில் பதியப்பட்டுள்ளன.

இச்சில்லு பெரும்பாலும் எட்டுக் கால்களைக் கொண்டது. இதன் கொள்ளளவு பல பலகைகளில் 16 அல்லது 32 மெகாபைட் ஆகும். நிலைபொருள் முதலில் செயலகத்தை ஆயத்தம் செய்து, பின்னர் நினைவகத்தைக் கண்டறிந்து, அதன் பிறகு திரைக்குரிய வரைகலை வன்பொருளை இயக்குகிறது. இறுதியாக வட்டிலிருந்து இயங்குதளத்தை ஏற்றுகிறது. இவ்வரிசை தொடக்க சுய சோதனை எனப்படும் செயல்முறையை உள்ளடக்கியது. திரை இவ்வரிசையில் பிந்தி வருவதால், அதற்கு முன் எங்கு தடை நேர்ந்தாலும் பயனருக்குத் தெரிவது ஒரே இருண்ட திரையே ஆகும்.

வரலாறு

பயோஸ் என்ற பெயரை 1975 இல் சிபி/எம் இயங்குதளத்தில் கேரி கில்டால் பயன்படுத்தினார். 1981 இல் வெளிவந்த ஐபிஎம் தனியாள் கணினியில் இது 8 கிலோபைட் அளவுடையதாய், மாற்ற இயலாத படிப்பு நினைவகத்தில் பதியப்பட்டிருந்தது. நிலைபொருளை மாற்ற வேண்டுமெனில் சில்லையே மாற்ற வேண்டியிருந்தது. 1990களில் மின்முறையில் அழித்து எழுதத்தக்க பிளாஷ் நினைவகம் தாய்ப்பலகைகளில் பரவியபின், கணினியை இயக்கியபடியே நிலைபொருளை மாற்றுவது இயல்வதாயிற்று. ஆனால், மாற்றத்தக்கது சிதைக்கத்தக்கதாகவும் ஆனது.

இதனை உலகிற்கு உணர்த்திய நிகழ்வு சிஐஎச் நச்சுநிரல் ஆகும். தைவானைச் சேர்ந்த சென் இங்-ஹவ் 1998 இல் உருவாக்கிய இந்நச்சுநிரல், 1999 ஏப்ரல் 26 அன்று செயற்பட்டு, வட்டின் தொடக்கப் பகுதியை அழித்ததோடு, சில வகைத் தாய்ப்பலகைகளின் பயோசையும் சிதைத்தது. செர்னோபில் அணு உலை விபத்து நிகழ்ந்த நாளும் ஏப்ரல் 26 ஆனதால், இது செர்னோபில் நச்சுநிரல் என்றும் அழைக்கப்பட்டது.

இன்டெல் நிறுவனம் இட்டானியம் செயலகங்களுக்காக உருவாக்கிய ஈஎஃப்ஐ என்ற புதிய இடைமுகத்தை வளர்த்தெடுக்க, 2005 இல் யூஈஎஃப்ஐ மன்றம் அமைக்கப்பட்டது. இன்றைய தாய்ப்பலகைகளில் இருப்பது யூஈஎஃப்ஐ நிலைபொருளே ஆயினும், பயோஸ் என்ற பழைய பெயர் வழக்கில் நிலைத்துவிட்டது.

இற்றைப்படுத்துவதன் தேவை

புதிய செயலகங்களுக்கு ஆதரவு தருதல், பாதுகாப்புக் குறைகளை நீக்குதல், நினைவகப் பொருத்தத்தைச் சீராக்குதல் ஆகியவற்றுக்காக நிலைபொருள் இற்றைப்படுத்தப்படுகிறது. சில வேளைகளில் வன்பொருளின் ஆயுளே இதனைச் சார்ந்திருக்கும். 2023 இல் ஏஎம்டி ரைசன் 7000 வரிசைச் செயலகங்கள் சில மிகை மின்னழுத்தத்தால் கருகியபோது, அம்மின்னழுத்தத்தை 1.3 வோல்ட்டுக்குள் கட்டுப்படுத்தும் நிலைபொருள்கள் வெளியிடப்பட்டன. 2024 இல் இன்டெலின் 13, 14 ஆம் தலைமுறை மேசைக்கணினிச் செயலகங்களில் தோன்றிய நிலையின்மைக்கும் நிலைபொருள் வழியாகவே திருத்தம் வழங்கப்பட்டது. எனினும், ஏற்கெனவே சேதமடைந்த செயலகங்களை அத்திருத்தத்தால் சீராக்க இயலவில்லை.

திருத்தமே தொல்லையாக மாறியதும் உண்டு. ஸ்பெக்டர் பாதுகாப்புக் குறைக்காக வழங்கப்பட்ட திருத்தம் சில கணினிகளைத் தாமாகவே மறுதொடக்கம் செய்ய வைத்ததால், அதனை நிறுவுவதை நிறுத்துமாறு 2018 சனவரியில் இன்டெல் அறிவுறுத்தியது. ஆகவே, இற்றைப்படுத்தலை அறவே தவிர்ப்பதும் தேவையின்றிச் செய்வதும் ஒருங்கே இடர் உடையவை.

தொடங்காமைக்கான காரணங்கள்

பிளாஷ் நினைவகத்தில் பழைய தரவின் மேல் புதிய தரவை நேரடியாக எழுத இயலாது. ஒரு பகுதியை முழுதாக அழித்த பின்னரே அதில் எழுத முடியும். அழித்தலுக்கும் எழுதலுக்கும் இடையில் மின்சாரம் தடைப்பட்டால், அப்பகுதி வெறுமையாகவோ அரைகுறையாகவோ நின்றுவிடும். சிதைவு உண்மையாக நிகழும் முதன்மை வழி இதுவே ஆகும். ஏனைய காரணங்கள் பின்வருமாறு:

* வேறு மாதிரிக்குரிய, அல்லது அதே மாதிரியின் வேறு திருத்தப் பதிப்பிற்குரிய கோப்பை எழுதுதல்.
* பழுதுற்ற கோப்பு அல்லது பழுதுற்ற யூஎஸ்பி விரலியைப் பயன்படுத்துதல்.
* பல கட்டங்களாக நடைபெறும் இற்றைப்படுத்தலை, முடிந்துவிட்டதாகக் கருதி இடையில் நிறுத்துதல்.
* முந்தைய பதிப்பில் சேமித்த அமைப்புகள் புதிய பதிப்போடு பொருந்தாமை.
* புதிய பதிப்பில் பழைய செயலகத்திற்கான ஆதரவு நீக்கப்பட்டிருத்தல்.

இறுதிக் காரணத்திற்கு ஏஎம்டியின் ஏஎம்4 பலகைகள் தக்க எடுத்துக்காட்டாகும். ஒரே பொருத்துவாயில் பல தலைமுறைச் செயலகங்கள் வந்ததால், 16 மெகாபைட் சில்லில் அவை அனைத்திற்கும் உரிய நிரல்களுக்கு இடம் போதவில்லை. எனவே, புதிய செயலகங்களைச் சேர்க்க, பழையவற்றிற்கான ஆதரவு சில பதிப்புகளில் நீக்கப்பட்டது. அத்தகைய பதிப்பை ஏற்றிய பலகை பழைய செயலகத்துடன் தொடங்காது. அதில் பழுது எதுவும் இல்லை. ஆதரவுள்ள செயலகத்தைப் பொருத்தினால் அது இயங்கும்.

பழுதைக் கண்டறிதல்

முதலில் செய்ய வேண்டியது காத்திருத்தல் ஆகும். இற்றைப்படுத்தலின்போது பலகை தானாகவே பலமுறை மறுதொடக்கம் செய்யலாம். முதன்மை நிலைபொருளோடு, சிப்செட்டில் உள்ள மேலாண்மைப் பொறி போன்றவற்றின் நிரல்களும் தனித்தனியே எழுதப்படலாம். இதற்குப்பின் நினைவகப் பயிற்சி என்னும் கட்டம் வருகிறது. இதில், நினைவகச் சில்லுகளுக்கும் செயலகத்திற்கும் இடையிலான சமிக்ஞைகளின் நேரத்தை நிலைபொருள் சோதித்துச் சரிசெய்கிறது. முன்னர் சேமித்திருந்த பயிற்சி முடிவுகள் இற்றைப்படுத்தலால் நீங்கிவிடுவதால், இது மீண்டும் முதலிலிருந்து நடைபெறும். டிடிஆர்5 நினைவகம் உள்ள பலகைகளில், அதிலும் மிகுந்த கொள்ளளவு பொருத்தப்பட்டிருந்தால், இதற்குப் பல நிமிடங்கள் ஆகலாம். அந்நேரம் முழுவதும் திரை இருண்டேயிருக்கும். இதனைப் பழுது எனக் கருதி மின்சாரத்தைத் துண்டிப்பதால், நலமாக இருந்த பலகைகூடச் சிதைவுக்கு உள்ளாகக்கூடும். குறைந்தது அரைமணி நேரம் காத்திருப்பதால் இழப்பு எதுவும் இல்லை.

அடுத்ததாகப் பலகையே தரும் குறிப்புகளைக் கவனிக்க வேண்டும். பல பலகைகளில் செயலகம், நினைவகம், வரைகலை, தொடக்க வட்டு ஆகிய நான்கிற்கும் தனித்தனிச் சிறுவிளக்குகள் உள்ளன. சுயசோதனை எக்கட்டத்தில் நின்றதோ அதற்குரிய விளக்கு தொடர்ந்து எரியும். விலை மிகுந்த பலகைகளில் ஈரிலக்கக் குறியீட்டுத் திரை உண்டு. ஒலிபெருக்கி இணைக்கப்பட்டிருப்பின், பீப் ஒலிகளின் எண்ணிக்கையும் நீளமும் பிழையைக் குறிக்கும். இவற்றின் பொருள் நிறுவனத்திற்கு நிறுவனம் மாறுபடுவதால், பலகையின் கையேட்டைப் பார்ப்பது இன்றியமையாதது.

விளக்குகளோ குறியீடுகளோ மாறிக்கொண்டிருந்தால், நிலைபொருளின் ஒரு பகுதியேனும் இயங்குகிறது என்பது தெளிவு. மின்விசிறிகள் சுழல்வது அத்தகைய சான்று அன்று. மின்சாரம் வந்தாலே அவை சுழலக்கூடும். ஒலி, குறியீடு, விளக்கு மாற்றம் எதுவுமின்றிப் பலகை நிற்பின், நிலைபொருள் சிதைவு என்ற ஐயம் வலுப்பெறும்.

மீட்பு முறைகள்

பின்வரும் முறைகள், கேடு குறைந்ததிலிருந்து கேடு மிகுந்ததை நோக்கி வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. முந்தைய முறை பயனளிக்காத நிலையிலேயே அடுத்ததற்குச் செல்லுதல் நன்று.

1. அமைப்புகளை அழித்தல்

பயனர் தேர்ந்த அமைப்புகளும் கடிகாரமும் மரபாக சீமாஸ் என்ற சிறு நினைவகத்தில், சிஆர்2032 வகை 3 வோல்ட் மின்கலத்தின் துணையுடன் காக்கப்படுகின்றன. கணினியை அணைத்து, மின்கம்பியை நீக்கி, பலகையில் உள்ள உரிய ஜம்பர் முனைகளை இணைத்தோ மின்கலத்தைச் சில நிமிடங்கள் கழற்றியோ இவ்வமைப்புகளை அழிக்கலாம். நினைவகத்தை அதன் இயல்பு வேகத்தைவிட விரைவாக இயக்கும் அமைப்புகள் புதிய பதிப்போடு பொருந்தாதிருப்பின், இதனால் தீர்வு கிடைக்கும். ஆனால், இச்செயல் நிலைபொருளின் நிரலைப் பழைய பதிப்பிற்கு மாற்றாது. சிதைந்த நிரலைச் சீராக்கவும் செய்யாது.

2. வன்பொருளைக் குறைத்தல்

ஒரே ஒரு நினைவகத் தகட்டை, கையேடு பரிந்துரைக்கும் செருகுவாயில் பொருத்தி, ஏனைய அட்டைகளையும் வட்டுகளையும் நீக்கிச் சோதிக்க வேண்டும். இற்றைப்படுத்திய பதிப்பு தம்முடைய செயலகத்தை ஆதரிக்கிறதா என்பதையும் உற்பத்தியாளரின் பட்டியலில் சரிபார்க்க வேண்டும்.

3. இரட்டை நிலைபொருள்

சில பலகைகளில் இரண்டு பிளாஷ் சில்லுகள் உள்ளன. கிகாபைட் நிறுவனம் இம்முறையை 'டூயல் பயோஸ்' என்ற பெயரில் பரவலாக்கியது. முதற்சில்லு சிதைந்தால், இரண்டாவது சில்லிலிருந்து தொடங்கி, முதலாவதை மீண்டும் எழுதலாம். சில பலகைகளில் இதற்கெனத் தனி நிலைமாற்றி உண்டு.

4. பொத்தான்வழி மீட்பு

ஆசுஸ் நிறுவனத்தின் பயோஸ் பிளாஷ்பேக், எம்எஸ்ஐ நிறுவனத்தின் பிளாஷ் பயோஸ் பொத்தான், கிகாபைட் நிறுவனத்தின் கியூ-பிளாஷ் பிளஸ் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. பலகையில் உள்ள ஒரு தனிக் கட்டுப்படுத்தி, யூஎஸ்பி விரலியிலிருந்து கோப்பைப் படித்து, பிளாஷ் சில்லில் எழுதுகிறது. இதற்கு மையச் செயலகமோ நினைவகமோ திரையோ தேவையில்லை. எனவே, நிலைபொருள் முற்றிலும் அழிந்திருந்தாலும் இம்முறை செயற்படும்.

இம்முறை தோல்வியுறுவது பெரும்பாலும் சிறு பிழைகளாலேயே ஆகும். யூஎஸ்பி விரலி ஃபேட்32 முறையில் வடிவமைக்கப்பட்டிருக்க வேண்டும். கோப்பின் பெயர் உற்பத்தியாளர் குறிப்பிட்டவாறே, ஆங்கில எழுத்துகளில், சரியான நீட்சியுடன் அமைய வேண்டும். இதற்கென அடையாளமிடப்பட்ட யூஎஸ்பி துளையிலேயே விரலியைச் செருக வேண்டும். மின்வழங்கியின் 24 முனை இணைப்பும், செயலகத்திற்குரிய 8 முனை இணைப்பும் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். பொத்தானை அழுத்தியபின் விளக்கு சில நிமிடங்கள் மினுக்கி, பணி முடிந்ததும் அணையும். ஆசுஸ் பலகைகளில் விளக்கு ஐந்து நொடி மினுக்கிவிட்டுத் தொடர்ந்து எரிந்தால், மீட்பு முறையாகத் தொடங்கவில்லை என்று பொருள்.

5. தொடக்கப் பகுதிவழி மீட்பு

பழைய பயோஸ்களில், இற்றைப்படுத்தலின்போது அழிக்கப்படாத சிறு தொடக்கப் பகுதி ஒன்று இருந்தது. அது நெகிழ்வட்டிலிருந்து புதிய கோப்பைப் படித்து எழுதவல்லது. இதே கருத்து இன்றைய மடிக்கணினிகளிலும் தொடர்கிறது. மின்சாரம் தரும்போது குறிப்பிட்ட விசைகளை அழுத்திப் பிடிப்பதால் மீட்பு தொடங்கும். எச்பி மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸ் விசையும் பி விசையும், டெல் மடிக்கணினிகள் பலவற்றில் கண்ட்ரோல் விசையும் எஸ்கேப் விசையும் இதற்குப் பயன்படுகின்றன.

6. நிரலேற்றி

மேற்கூறிய எவையும் இல்லாத பலகைகளில், நிரலேற்றி என்னும் கருவியை மற்றொரு கணினியோடு இணைத்து, கவ்வியின் துணையால் சில்லில் நேரடியாக எழுதலாம். இது பழகியவர்கள் செய்ய வேண்டிய பணியாகும். சில்லுகளில் 3.3 வோல்ட், 1.8 வோல்ட் என இருவகை உண்டு. குறைந்த மின்னழுத்தச் சில்லுக்கு மிகை மின்னழுத்தம் தந்தால் அது கெட்டுவிடும். மலிவாகக் கிடைக்கும் சிஎச்341ஏ வகை நிரலேற்றிகள் சிலவற்றில் தரவுக் கம்பிகள் 5 வோல்ட்டில் இயங்குவதும் அறியப்பட்ட குறையாகும்.

எழுதுவதற்கு முன், சில்லில் எஞ்சியுள்ள தரவை இருமுறை படித்து, இரு படிகளும் ஒத்திருப்பதை உறுதிசெய்து சேமிக்க வேண்டும். பலகைக்கே உரிய வரிசை எண், பிணைய முகவரி முதலியவை அச்சில்லிலேயே இருக்கக்கூடும். வேறொரு பலகையின் முழுப் படியை அப்படியே எழுதினால் அவை இழக்கப்படும். உற்பத்தியாளர் வழங்கும் கோப்பில் கூடுதல் முகப்புப் பகுதி இருப்பதும் உண்டு. 16 மெகாபைட் சில்லு சரியாக 1,67,77,216 பைட்டுகள் கொண்டது. கோப்பு அதனினும் பெரிதாயிருந்தால், முகப்பை நீக்காமல் எழுதுதல் கூடாது.

தரவின் பாதுகாப்பு

நிலைபொருள் சிதைவு வட்டில் உள்ள கோப்புகளைத் தொடுவதில்லை. வட்டைக் கழற்றி வேறு கணினியில் இணைத்தால், மறைகுறியாக்கம் செய்யப்படாத தரவை வழமைபோல் படிக்கலாம்.

மறைகுறியாக்கம் செய்யப்பட்ட வட்டின் நிலை வேறானது. விண்டோஸ் இயங்குதளத்தின் பிட்லாக்கர், தன் திறவுகோலைப் பலகையில் அல்லது செயலகத்தில் உள்ள டிபிஎம் என்ற பாதுகாப்புக் கூறில் வைக்கிறது. நிலைபொருள் மாறினால் டிபிஎம் திறவுகோலைத் தர மறுக்கலாம். அப்போது 48 இலக்க மீட்புத் திறவுகோல் கேட்கப்படும். 2024 இல் வெளிவந்த விண்டோஸ் 11 இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவும்போது, பல கணினிகளில் மறைகுறியாக்கம் தானாகவே செயற்படுத்தப்படுகிறது. இதனால், தம் வட்டு பூட்டப்பட்டிருப்பதையே அறியாத பயனர்களும் உளர். அவர்களுடைய திறவுகோல் பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும்.

ஏஎம்டி பலகைகளில், இற்றைப்படுத்தியபின் டிபிஎம் கூறை மீளமைக்கலாமா என்ற வினா திரையில் தோன்றக்கூடும். மீட்புத் திறவுகோல் கையில் இல்லாமல் 'ஆம்' எனத் தெரிவு செய்தால், பலகை இயங்கினாலும் தரவு நிலையாக இழக்கப்படலாம். பலகையை மீண்டும் வாங்கலாம். திறவுகோல் இல்லாத வட்டின் தரவை எவராலும் மீட்க இயலாது.

இயங்குதளம் தொடங்காமை

சுயசோதனை முடிந்து, தொடக்க வட்டு இல்லை என்ற செய்தி தோன்றினால், நிலைபொருள் நலமாக உள்ளது. இற்றைப்படுத்தல் அமைப்புகளை இயல்புநிலைக்குக் கொண்டுவந்துவிட்டதே இதற்குக் காரணமாகும். வட்டுக் கட்டுப்படுத்தியின் ரெய்டு அல்லது ஏஎச்சிஐ முறை, பழைய பயோஸ் முறைக்கான ஒத்திசைவு, தொடக்க வரிசை ஆகியவற்றை முன்பிருந்தவாறு அமைத்தால் இயங்குதளம் தொடங்கும். இந்நிலையில் இயங்குதளத்தை மறுபடி நிறுவுவது தேவையற்றது. அது தரவிழப்புக்கும் வழிவகுக்கும்.

முன்னெச்சரிக்கைகள்

* இற்றைப்படுத்துவதற்கு முன் கோப்புகளைப் படியெடுத்து, மீட்புத் திறவுகோலை வேறிடத்தில் எழுதி வைத்தல். பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தல்.
* நிலைபொருள் அமைப்புத் திரைகளை ஒளிப்படம் எடுத்து வைத்தல்.
* பலகையில் அச்சிடப்பட்டுள்ள மாதிரிப் பெயரையும் திருத்தப் பதிப்பு எண்ணையும் கோப்போடு ஒப்பிடுதல்.
* வெளியீட்டுக் குறிப்புகளை முழுதாகப் படித்தல்; சில பதிப்புகளிலிருந்து முந்தைய பதிப்பிற்குத் திரும்ப இயலாது.
* தடையில்லா மின்வழங்கியைப் பயன்படுத்துதல். மடிக்கணினியாயின், மின்கலத்தை முழுதாக மின்னேற்றி, மின்கம்பியையும் இணைத்து வைத்தல்.
* நினைவகத்தையும் செயலகத்தையும் இயல்பு வேகத்திற்கு மாற்றிய பின் இற்றைப்படுத்துதல்.

பிழைகள் தவிர்க்க முடியாதவை என்ற கருத்தின் அடிப்படையில், அமெரிக்கத் தரநிர்ணய அமைப்பான நிஸ்ட் 2018 இல் நிலைபொருள் மீள்திறனுக்கான வழிகாட்டுதல்களை வெளியிட்டது. பாதுகாத்தல், சிதைவைக் கண்டறிதல், மீட்டெடுத்தல் ஆகிய மூன்றையும் அது வலியுறுத்துகிறது. மீட்புப் பொத்தானோ இரட்டைச் சில்லோ உள்ள தாய்ப்பலகையில், நிலைபொருள் சிதைவு என்பது சில நிமிடங்களில் தீரும் சிக்கலாகவே அமைகிறது. இவை இல்லாத பலகையிலும், சிதைவது பெரும்பாலும் எட்டுக்கால் சில்லொன்றின் உள்ளடக்கம் மட்டுமே; ஏனைய வன்பொருள் பழுதின்றியே இருக்கும்.